கொலாஜுக்கு எந்தப் பசை? நம் ஊர் ஈரக்காற்றில் நான்கையும் வைத்துப் பார்ப்போம்

கொலாஜ் (தாள், துணித் துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் கலை) செய்ய பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஓவியப் பொருள் வாங்கப் போகிறவர்கள், பசை அடுக்கியிருக்கும் தட்டுக்கு முன்னால் நின்றபடியே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். “அக்கா, இதுல எதை எடுக்கட்டும்?” குச்சி, குப்பி, டப்பா, டியூப் என்று வரிசையாக நிற்கும். எல்லாமே சீக்கிரம் காயும், கெட்டியாக ஒட்டும் என்றுதான் சொல்லிக்கொள்ளும். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒன்றை வாங்கிப் பார்த்துச் சலித்தவர்கள். ஒட்டிய தாள் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது, இல்லையென்றால் இரண்டு மாதத்தில் ஓரம் பிரிந்து ஆடுகிறது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளை அப்படியே பின்பற்றினாலும் இது நடக்கும். அவற்றில் பெரும்பாலானவை குளிரும் வறண்ட காற்றும் உள்ள ஊர்களில் இருந்து வருபவை. “அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்” என்பது அவர்கள் கணக்கு. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். விடிகாலையில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். இதே காற்றில்தான் நம் பசை காய வேண்டும், காய்ந்த பிறகு பல வருடம் இருக்கவும் வேண்டும். கொலாஜ் என்றதும் எல்லோரும் தாளைத்தான் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். நம் ஊரில் படம் நிற்பதும் கெடுவதும் பெரும்பாலும் பசையில்தான்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

பசைக்குச்சி, வெள்ளைக் கம், மாவுப்பசை, அக்ரிலிக் மீடியம் என்ற நான்கையும் ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்கலாம். முதலில் தண்ணீர். பசையில் தண்ணீர் அதிகமானால் தாள் ஊறி விரியும், காயும்போது சுருங்கும். அந்த இழுபறிதான் அலையலையாக நிற்கிறது.

இரண்டாவது, ஒட்டிய பிறகு அதன் மேல் என்ன வரப்போகிறது? வெறும் தாள்மேல் தாளா, அல்லது அக்ரிலிக் வண்ணம், மை, இன்னொரு அடுக்கு என்று ஏறிக்கொண்டே போகுமா? கலப்பு ஊடகம் என்று சொல்லிவிட்டாலே மேலே ஈரம் படத்தான் போகிறது. அப்போது அடியில் இருக்கும் பசை கரைந்தால் எல்லாம் வழுக்கும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

மூன்றாவது பூச்சியும் பூஞ்சணமும். நான்காவது, தப்பாக ஒட்டிவிட்டால் எடுக்க முடியுமா என்பது. கடைசியாகச் செலவு. குப்பியின் விலை மட்டும் இல்லை. அது கெடுக்கும் தூரிகை, காத்திருக்கும் நேரம், காயவைக்க வேண்டிய இடம் எல்லாம் சேர்த்து.

| | பசைக்குச்சி | வெள்ளைக் கம் | மாவுப்பசை | அக்ரிலிக் மீடியம் |
|---|---|---|---|---|
| தாள் அலையுமா | அநேகமாக இல்லை | நன்றாகவே | ஆமாம், பாரம் வைத்தால் படியும் | ஓரளவு; ஜெல்லில் குறைவு |
| மேலே வண்ணம் | வேண்டாம் | வகையைப் பொறுத்தது | நெகிழ்ந்துவிடும் | தாராளமாக |
| பூச்சி, பூஞ்சணம் | ஓரளவு | குறைவு | அதிகம் | குறைவு |
| பிரிக்க முடியுமா | உடனே என்றால் | காய்ந்தால் கடினம் | தண்ணீர் தொட்டால் போதும் | முடியாது |
| விலை | சில வெள்ளி | சில வெள்ளி | சில காசு | இவற்றில் மிக அதிகம் |

## பசைக்குச்சி

1969-இல் ஜெர்மனியின் ஹெங்கல் நிறுவனம் பிரிட் குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உதட்டுச் சாயக் குழலைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதன் பெரிய பலம் ஒன்றுதான்: தண்ணீர் குறைவு. மெல்லிய தாள்கூட அலையாது. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டலாம், கை அழுக்காகாது, நாற்றமில்லை.

பலவீனம் நாள்பட்ட பிறகுதான் தெரியும். குச்சிப் பசை தண்ணீரில் கரையக்கூடியது. நம் ஊர்க் காற்று போதும், ஓரங்கள் மெதுவாகக் கிளம்ப. கனமான அட்டை என்றால் சீக்கிரமே விட்டுவிடும். மேலே ஈரமான தூரிகை பட்டால் கேட்கவே வேண்டாம்.

ஓவிய நோட்டுக்கும், எதை எங்கே வைப்பது என்று ஒத்திகை பார்ப்பதற்கும் இதைவிட நல்லது கிடையாது. சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு வேண்டாம். ஒட்டும்போது நடுவில் மட்டும் தேய்க்காமல் ஓரம்வரை, ஓரத்தைத் தாண்டியும் தேய்க்க வேண்டும். அடியில் பழைய நாளிதழ் ஒன்றைப் போட்டுக்கொண்டால் சரி.

## வெள்ளைக் கம், அதாவது பிவிஏ

ஃபெவிகால் தெரியாத தமிழ் வீடு உண்டா? அந்தக் குடும்பம்தான் இது. டைசோவிலும் கிடைக்கும், பக்கத்து ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். பிடிமானம் நன்றாக இருக்கும். மரம், அட்டை, துணி எல்லாவற்றையும் பிடிக்கும்.

ஆனால் எல்லா வெள்ளைக் கம்மும் ஒன்றல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கான குப்பியில் ‘கழுவினால் போய்விடும்’ என்று போட்டிருந்தால், அது காய்ந்த பிறகும் தண்ணீருக்கு நெகிழும். உடுப்பில் பட்டால் அம்மாவுக்கு நல்ல செய்தி, படத்துக்கு அல்ல. சாதாரண பிவிஏ நாளாக ஆக மெல்ல அமிலத்தை வெளிவிடக்கூடும்; தாளுக்கு அது ஆகாது. புத்தகம் கட்டுபவர்கள் அமிலமில்லாத, நடுநிலை பிவிஏ என்று தனியாக வாங்குவது அதனால்தான். விலை சற்றுக் கூடுதல், ஆனால் வைத்திருக்க நினைக்கும் வேலைக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடலாம்.

அலையைக் குறைக்க ஒரு வழி: நிறையத் தண்ணீர் விட்டுக் கரைக்காதீர்கள். பழைய வங்கி அட்டை ஒன்றை எடுத்து, ஒரு துளியைப் பரப்பி வழித்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக்குங்கள். ஒட்டியதும் அதே அட்டையால் நடுவில் இருந்து வெளியே தள்ளுங்கள். ஓரத்தில் பிதுங்குவதை உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் பளபளவென்று தனியாகத் தெரியும். அந்தப் பளபளப்பான இடத்தில் நீர்வண்ணமும் பிடிக்காது.

அட்டை, மரப்பலகை, துணி ஒட்டுகிறவர்களுக்கும், மேலே பெரிதாக வண்ணம் தீட்டாதவர்களுக்கும் நடுநிலை பிவிஏ போதும். அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

## காய்ச்சின மாவுப்பசை

சுவரொட்டி ஒட்டியது இதில்தான், நோட்டுக்கு அட்டை போட்டது இதில்தான். அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறோம். அரும்பொருளகங்களில் பழைய தாள்களைச் செப்பனிடுகிறவர்கள் கோதுமை ஸ்டார்ச் பசையைத்தான் இன்றும் நம்புகிறார்கள். காரணம், எத்தனை வருடம் கழித்தும் ஈரம் கொடுத்துப் பிரித்துவிடலாம். பெரும்பாலான பசைகள் அந்த வசதியைத் தருவதில்லை.

செய்வது எளிது. ஒரு பங்கு மைதாவுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, சின்னத் தீயில் விடாமல் கிளற வேண்டும். பால்போல் வெள்ளையாக இருப்பது மெல்லக் கண்ணாடித்தன்மைக்கு வரும். கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும். அப்போது இறக்கி, சூடாக இருக்கும்போதே டீ வடிகட்டியில் தேய்த்து வடித்துவிடுங்கள். ஆறினால் மேலே ஆடை கட்டும், அதை எடுத்துப் போட்டுவிடலாம். மைதாவுக்குப் பதில் சோளமாவில் காய்ச்சினால் வெள்ளையாக, வழவழப்பாக வரும். மைதாவில் உள்ள புரதம் அதில் மிகக் குறைவு.

மெல்லிய தாளுக்கு இது அருமை. பட்டம் விடும் தாள், சீன ஓவியத் தாள், டிஷ்யூ எல்லாம் பசையை உறிஞ்சி, அடித்தாளோடு ஒன்றாகப் படியும். பிளாஸ்டிக் பளபளப்பு வராது. நகர்த்திச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும். பாரம் வைத்து ஓர் இரவு விட்டால் சமனாகிவிடும்.

மறைமுகச் செலவு என்ன? முதலாவது, ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். இரண்டாவது, இராமபாணம். வெள்ளி நிறத்தில் சரசரவென்று ஓடுமே, அந்தப் பூச்சிக்கு ஸ்டார்ச் என்றால் விருந்து. ஈரப்பதம் கூடிய இருட்டு மூலை அதற்குப் பிடித்த இடம், அதாவது நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அலமாரிக்குப் பின்பக்கம். பூஞ்சணத்துக்கும் மாவு நல்ல உணவு. அந்தக் காலத்தில் புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி அண்டாதுதான், ஆனால் அது விஷம். சமையல் பாத்திரமும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அந்த யோசனையே வேண்டாம்.

புளோக்குக்குக் கீழே பொங்கல் அலங்காரம், பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை, பலமுறை பிரித்து ஒட்டிப் பழகுவது என்றால் மாவுப்பசைதான் முதல். பத்து வருடம் சுவரில் இருக்க வேண்டிய படத்துக்கு, ஏர்கான் ஓடும் அறையும் நல்ல கண்ணாடிச் சட்டமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

## அக்ரிலிக் மீடியம்

அக்ரிலிக் வண்ணத்தில் இருந்து நிறமியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். வண்ணமும் பசையும் ஒரே இனம் என்பதால் ஒன்றன்மேல் ஒன்று சண்டையில்லாமல் ஏறும். ஒட்டுவதும் இதுவே, மேலே பூசிக் காப்பதும் இதுவே. காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. கலப்பு ஊடகக்காரர்கள் கடைசியில் இங்கேயே வந்து சேர்வது இந்தக் காரணத்தால்தான்.

நீர்மமாக ஊற்றக்கூடியது ‘மீடியம்’, தயிர்ப் பதத்தில் இருப்பது ‘ஜெல்’. மெல்லிய தாளுக்கு மீடியம். அட்டை, துணி, சருகு, நூல் போன்றவற்றுக்கு ஜெல். ஜெல்லில் தண்ணீர் குறைவு என்பதால் அலையும் குறைவு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மென்மையான ஜெல்லை வாங்குங்கள். தேவைப்படும்போது கொஞ்சம் தண்ணீர் தொட்டு இளக்கிக்கொள்ளலாம். மீடியத்தைக் கெட்டியாக்குவது அவ்வளவு எளிதில்லை.

மேட்டா (மங்கல்), கிளாஸா (பளபளப்பு) என்பது அடுத்த குழப்பம். மேட் வகையில் பளபளப்பைக் குறைக்க ஒரு தூள் கலந்திருக்கும். ஓர் அடுக்கு பூசினால் அழகாக இருக்கும். பல அடுக்கு ஏறினால் கருப்பு, கரும்பச்சை போன்ற இருண்ட நிறங்களின் மேல் மூடுபனி படிந்த மாதிரி வெளுக்கும். அதனால் உள்ளே ஒட்டுவதெல்லாம் கிளாஸ், கடைசிப் பூச்சு மட்டும் மேட் என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

இதில் நன்றாக வரும் ஒரு வித்தை உண்டு. லேசர் பிரிண்ட் எடுத்த படத்தை ஜெல் பூசிய பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, நன்றாகக் காய்ந்த பின் முதுகில் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்தால், தாள் உருண்டு உருண்டு வந்துவிடும். மை மட்டும் ஜெல்லில் தங்கும். பழைய குடும்பப் படங்களுக்கு இது மிகப் பொருத்தம். படம் இடவலமாகத் திரும்பிவிடும் என்பதை மறக்க வேண்டாம். தமிழ் எழுத்து இருந்தால் பிரிண்ட் எடுக்கும் முன்பே கணினியில் திருப்பிவிடுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் இதற்கு ஆகாது, பெரும்பாலும் ஈரம் பட்டதும் மை கரைந்து ஓடும்.

இனி செலவுக் கணக்கு. ஒரு டப்பா விலைக்குப் பல பசைக்குச்சி வாங்கலாம். தூரிகையைக் கழுவாமல் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் அது பிளாஸ்டிக் குச்சி; பசைக்கென்று மலிவான தூரிகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குக்கு அடுக்கு காத்திருக்க வேண்டும். நம் ஈரக்காற்றில், பெரிய அட்டைத் துண்டுக்கு அடியில் மாட்டிய ஜெல் பல நாள் வெள்ளையாகவே நிற்கும், கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். அதே ஈரக்காற்று ஒரு நன்மையும் செய்கிறது: தூரிகையில் பசை உடனே இறுகாது, துண்டை நகர்த்திப் பார்க்கக் கூடுதலாக ஒரு நிமிடம் கிடைக்கும்.

பெரிய தொல்லை வேறு. அக்ரிலிக் படலம் முழுதாக இறுகுவதே இல்லை. நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் வண்ணம் பெயர்ந்து வரும். கேக் சுடும்போது போடும் சிலிக்கோன் பூசிய தாளை இடையில் வைத்தால் தப்பிக்கலாம்.

## மற்றவை, சுருக்கமாக

ஸ்ப்ரே பசை அலையே தராது, உண்மை. ஆனால் புகை, தீப்பிடிக்கும் ஆபத்து, அடுக்குமாடி நடைபாதையில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரின் முகம். ரப்பர் சிமெண்ட் நாளாக நாளாகப் பழுப்புக் கறை விடும். செலோடேப் மஞ்சளித்து உரியும். மூன்றையும் விட்டுவிடலாம்.

## கையில் இருக்கும் தாளைப் பாருங்கள்

நம் வீடுகளில் கொலாஜுக்குப் பொருள் குறைவே இல்லை. 1982-இல் முதல் யூஓபி வங்கி ஓவியப் போட்டியில் வென்று, 1989-இல் கலாசாரப் பதக்கமும் பெற்ற சிங்கப்பூர் ஓவியர் கோ பெங் குவான், கொலாஜையே தன் அடையாளமாக்கிக்கொண்டவர். தாள் ஒட்டுவது சிறுபிள்ளை வேலை என்று நினைக்கிறவர்களுக்கு அவர் படங்களைக் காட்டலாம்.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். கனத்த அட்டை, தங்க முலாம் அச்சு, நான்கு மூலையில் மஞ்சள். முலாம் தண்ணீரை உறிஞ்சாது, குச்சிப் பசை அதன்மேல் நிற்காது, ஜெல் பிடிக்கும். ஆனால் அக்ரிலிக் மீடியம் சற்றுக் காரமானது. மஞ்சள் காரத்தில் சிவக்கும், குங்குமம் உண்டாவதே அப்படித்தான். மூலையில் மஞ்சள் செம்மையேறினால் உங்களுக்குச் சம்மதமா என்று ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். வெயில் பட்டால் மஞ்சள் எப்படியும் வெளுக்கும்.

தமிழ் முரசுத் தாள், எந்த நாளிதழும்தான், எந்தப் பசை போட்டாலும் பழுப்பேறும். 1912-இல் பிக்காசோவும் பிராக்கும் ஒட்டிய நாளிதழ்த் துண்டுகளே இன்று பழுப்பாகத்தான் இருக்கின்றன. பழுப்பு பிடிக்காவிட்டால் நல்ல தாளில் லேசர் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள். டோட்டோ லாட்டரிச் சீட்டு, முஸ்தஃபா கடை ரசீது எல்லாம் சூட்டால் அச்சாகும் தாள். எழுத்து மங்கி மறையும், ஆல்கஹால் மை பட்டால் கறுத்துவிடும். இவற்றுக்கும் நகல்தான் வழி.

சிராங்கூன் ரோடு தையல்கடையில் கேட்டால் ரவிக்கை வெட்டிய மிச்சம் ஒரு பை நிறையத் தருவார்கள். பட்டும் ஜரிகையும் பிவிஏவில் ஊறிக் கறை தெரியும். ஜெல் மெல்லியதாகப் பூசி மேலே வைத்து அழுத்துவது மேல். சாயம் போகும் துணியா என்று ஈரப் பஞ்சால் முதலில் தொட்டுப் பாருங்கள்.

## சரி, யார் எதை வாங்கலாம்

இப்போதுதான் தொடங்குகிறீர்கள், இது பிடிக்குமா என்றே தெரியாது என்றால் ஒரு பசைக்குச்சியும் தடித்த தாளுள்ள ஒரு நோட்டும் போதும். முதல் மாதமே ஜெல் டப்பா வாங்கிவிட்டால், “இவ்வளவு காசு போட்டோமே” என்ற எண்ணத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய படமாக்கப் பார்ப்பீர்கள். அது விளையாட்டைக் கெடுக்கும்.

நோட்டைத் தாண்டி, வண்ணமும் சேர ஆரம்பித்ததும் நேராக ஜெல்லுக்குப் போய்விடுங்கள். இடையில் மலிவான வெள்ளைக் கம்மில் பெரிய படங்கள் செய்வது எனக்கு வீண் சிக்கனமாகப் படுகிறது. வண்ணமே வேண்டாம், தாளும் துணியும் மட்டும்தான் என்று தெளிவாக இருப்பவர்களுக்குத்தான் பிவிஏ, அதுவும் நடுநிலை வகை. தாத்தாவின் கடிதம் மாதிரி மறுபடி கிடைக்காத தாள் என்றால் அசலை ஒட்டவே வேண்டாம். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாவுப்பசை, பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொள்ளட்டும்.

எதை வாங்கினாலும் அடித்தளம் மெல்லியதாக இருந்தால் பயனில்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) நீர்வண்ணத் தாளுக்குக் குறையாமல் எடுங்கள். மூன்றடுக்குக்கு மேல் போவதானால் மரப்பலகை. தாள் வளைந்தால் பின்பக்கமும் அதே பசையை ஒரு பூச்சு கொடுங்கள், இருபக்க இழுப்பும் சமனாகும். மின்விசிறிக்கு நேர் கீழே காயவைத்தால் மேற்புறம் மட்டும் முந்திக் காய்ந்து வளைவு கூடும்; ஏர்கான் அறையில் மெல்லக் காய விடுவது நல்லது.

முடிந்த படங்களை, வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் அடுக்கிக் கதவைச் சாத்துவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். காற்றே இல்லாத அந்த அறையில் டிசம்பர், ஜனவரி மழைக்குப் பிறகு பூஞ்சணம் வராவிட்டால்தான் ஆச்சரியம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அவ்வப்போது திறந்து பார்ப்பது, இது போதும். சட்டம் போடுவதானால் படம் கண்ணாடியைத் தொடாதபடி மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அது கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் அக்ரிலிக் பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் எந்தச் சட்டக்காரராலும் முழுசாகப் பிரித்துத் தர முடியாது.